சுட்ட கல்லின் கனம்

என் பிலோமினாவுக்கு, சூளையடியில் எல்லோர் முன்னாலும் நான் "டீச்சரம்மா" என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தவளுக்கு,

மாத்தளையில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. கல்லறைத் திருநாள் முடிந்து நாலைந்து நாளாகிறது. அன்றைக்கே உன் கல்லறை முன்னால் நின்று ஒரு விஷயம் சொல்ல வந்தேன். பக்கத்தில் நம் ரோஸும் அவள் பிள்ளைகளும் நின்றதால் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதினதைக் கோயில் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டார்கள், போடுங்கள் என்றுவிட்டேன். புருஷன் பெண்டாட்டி பேச்சை ஊர் கேட்கப் போகிறதே என்று நீ கோபிப்பாய். பன்னிரண்டு வருஷமாக நான் தனியாகப் பேசிக்கொண்டு திரிவதை ஊர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

நீ இருக்கும்போதே நாம் எந்த நாட்டுக்கும் சேராதவர்களாகத்தான் இருந்தோம். நீ போன பிறகு இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இவ்வளவு பேர் அங்கே, இவ்வளவு பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். ரோஸும் மருமகனும் எழுதிப் போட்டார்கள், என்னையும் சேர்த்து. இந்த மாதம் முடிவதற்குள் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். மருமகனின் சித்தப்பா தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் சூளை வைத்திருக்கிறாராம். அங்கே கல் கிடையாது, கடல் சிப்பியைப் போட்டுத்தான் சுண்ணாம்பு சுடுகிறார்களாம். "மாமாவுக்குக் கை பழகின வேலதானே" என்கிறார் மருமகன்.

ரோஸிடம் நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிற காலம் இது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். போவதுதான் புத்தி என்று எனக்கும் தெரியும். ஆனால் ரோஸ், "அப்பா வராட்டி நானும் போகல" என்று மூட்டையைக் கட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். இங்கே உங்களுக்கு யார் இருக்கா என்று கேட்கிறாள். நீ இருக்கிறாயே.

நீ முதன்முதலில் சூளைக்கு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பலாபத்வெல போகிற ரோட்டில், எங்கள் சூளை வாயில் அன்றைக்குத்தான் சுட்ட கல்லை இறக்கிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்துப் பாடத்துக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும் என்று குடையோடு வந்து நின்றாய். ஒரு கையில் சுடாத வெள்ளைக்கல்லையும் இன்னொரு கையில் அதே பருமனில் சுட்ட கல்லையும் தூக்கிப் பார்த்தாய்.

"இது ஏன் இவ்வளவு லேசா இருக்கு?"

"சுட்டா அப்படித்தான் டீச்சர். ஈரமெல்லாம் போயிரும்."

"கல்லுக்குள்ள இவ்வளவு ஈரமா?"

"அப்ப புகையாப் போயிருக்கும்."

"புகை விறகோடது. கல்லோட கனம் எங்க போச்சு?"

விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சூளையில் நிற்கிறவன். கல் பாதிக்குப் பாதி கனம் குறைந்துதான் வெளியே வரும் என்று என் தோளுக்குத் தெரியும். எங்கே போச்சு என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "நாளைக்கு வாங்க டீச்சர், தேடி வைக்கிறேன்." தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பண்டாவுக்குப் புரையேறிவிட்டது. என்னோடு சூளையில் நின்ற பண்டாவை நீ மறந்திருக்க மாட்டாய். அவன் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்கிறான். ஏனென்றால் நீ மறுநாள் உண்மையாகவே வந்தாய்.

தேடி வைத்தது நானில்லை, நீதான். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாள், சமையலறையில் வைத்துக் காட்டினாய். சுண்ணாம்பு கலந்த தண்ணீரைத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஒரு பழைய சோடாப் போத்தலில் ஊற்றினாய். பப்பாளி இலைத் தண்டை அதில் விட்டு ஊதினாய். தெளிந்த தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது.

"பாத்தீங்களா? நம்ம மூச்சுல இருக்கிற கரியமில வாயுதான் கல்லுக்குள்ளயும் இருக்கு. நீங்க சூளையில போட்டு அதத்தான் வெளியேத்துறீங்க. சுவர்ல பூசின சுண்ணாம்பு அந்தக் காத்தத் திரும்பக் குடிச்சுத்தான் இறுகுது. இதுல என் மூச்சக் குடிச்சிருக்கு."

"இன்னும் ஊதினா?"

"இன்னும் ஊதினா வெள்ளையெல்லாம் கரைஞ்சு பழையபடி தண்ணியாயிடும். மழை செய்றதும் அதேதான். வாற வழியில இந்தக் காத்தக் கொஞ்சம் கலந்துக்கிட்டு, கல்லு மேல விழுந்து கரைக்குது."

நான் உன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். போதும், கரைத்துவிடாதே என்றேன். நீ சிரித்துக்கொண்டே கார்க்கை வைத்து அடைத்தாய். அந்தப் போத்தல் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடியில் இரண்டு விரல்கடை வெள்ளைப் படிவு. அது உன் மூச்சு. வீடு மாறினோம், கூரை மாற்றினோம், அதை மட்டும் நான் யாரையும் தொட விட்டதில்லை.

இன்னொரு நாளும் நினைவு வருகிறது. தம்புள்ளைக்குச் சுண்ணாம்பு ஏற்றின லொறியில் நீயும் முன்னால் ஏறிக்கொண்டாய். அதற்கு முந்தின வாரம்தான் ரத்தோட்டை ரோட்டுக்கு மண் வெட்டின இடத்தில் என்னை நிறுத்தி, பாறை மாதிரித் தெரிந்த ஒன்றைப் பெயர்த்துக் கையில் கொடுத்திருந்தாய். கருங்கல்லின் கோடெல்லாம் அப்படியே இருந்தது. அழுத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. தம்புள்ளையிலோ மொட்டைப் பாறை கன்னங்கரேலென்று வெயிலில் நிற்கிறது. நீ கதவில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். கண்டிப்பாக ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"ஏங்க, ரெண்டும் ஒரே மாதிரிக் கல்லுதான். அங்க மழை கூட, அதனால உக்கிப்போச்சு. இங்க மழை கம்மி, அதனால நிக்குது. சரியா?"

"சரி."

"கல்லுல கரைஞ்சதெல்லாம் ஆத்தோட கடலுக்குப் போகுது. அங்க சிப்பியும் பவளமும் அத எடுத்து ஓடு கட்டுது. செத்தா அடியில படிஞ்சு திரும்பக் கல்லாகுது. காலப்போக்குல அது பூமிக்குள்ள எறங்கி, வெந்து, எரிமலை வழியாக் காத்தா வெளிய வருது. பூமிக்கும் ஒரு சூளை இருக்கு."

"அதுக்கும் ஒரு பண்டா வேணுமே."

நீ சிரிக்கவில்லை. யோசனை வந்துவிட்டால் உனக்குச் சிரிப்பு வராது. "இதுவரைக்கும் புத்தகத்துல இருக்கு. இனி சொல்றது நானா யோசிச்சது" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாய், லொறி டிரைவர் திருடிக்கொண்டு போய்விடுவான் என்பதுபோல. "அந்தக் காத்துதான் பூமிக்குப் போர்வை. போர்வை கனத்தா உலகம் சூடாகும். சூடானா மழை கூடும், மழை கூடினா கல்லு கூடக் கரையும். கரையக் கரையக் காத்துல இருக்கிறது கொறைஞ்சு சூடு தணியும். ரொம்பக் குளிர்ந்துட்டா மழை கொறையும், கல்லு சும்மா நிக்கும். அதுக்குள்ள எரிமலை விடுற காத்து சேர்ந்து திரும்பச் சூடாகும். சோத்துப் பானை பொங்கினா நான் தண்ணி தெளிக்கிறேன்ல, அப்படி யாரோ தெளிச்சுக்கிட்டே இருக்காங்க."

"எவ்வளவு நாளைக்கு ஒருக்கா?"

"நாளா? நம்ம மனுஷ வம்சமே வந்து போயிரும், அதுக்குள்ள."

அதோடு நீ விட்டிருக்கலாம். விடாமல் கேட்டாய்: "உங்க சூளை ஒரே ராத்திரியில விடுற காத்த, மலை எத்தனை காலம் நின்னு குடிக்கணும்?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சூளையை மூடிவிட்டு எதைத் தின்பது என்று கத்தினேன். இரண்டு நாள் பேசவில்லை. உனக்கு என் சூளை மேல் குற்றம் சொல்லும் எண்ணமே இல்லை, கணக்குத்தான் போட்டாய் என்று இப்போது தெரிகிறது. இன்றைக்கு நீ எழுந்து வந்து அதே கேள்வியை நூறு தடவை கேட்டாலும் உட்கார்ந்து கேட்பேன்.

சமாதானமானதும் எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னாய். அதுவும் முழு ஆறுதலாக இல்லை. வெள்ளைக்கல் கரையும்போது வாங்கின காற்றை, கடலில் சிப்பி கட்டும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுமாம். கருங்கல் அப்படியில்லையாம். இரண்டு மூச்சு இழுத்தால் ஒன்றைத்தான் விடும், மற்றதைக் கடலடியில் கல்லாக்கி வைத்துக்கொள்ளும். "பாத்தா ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற அந்தக் கருங்கல்லுதாங்க உலகத்தக் கொதிக்காம வச்சிருக்கு. கரையாம நின்னுட்டா நாம யாரும் இல்ல." கல் என்றால் நிற்பது என்று நினைத்திருந்தவன் நான். கரைவதும் ஒரு வேலை என்று நீதான் சொன்னாய்.

உன் கடைசி வாரம் வெளியே விடாத மழை. நெஞ்சுச் சளி இறுகி உனக்கு மூச்சு வாங்கியது. மாதா படத்துப் பக்கம் கையைக் காட்டி, "இப்ப ஊதச் சொன்னா, தண்ணி நெறம் கூட மாறாது" என்றாய். அப்போதும் விளையாட்டு. எனக்கு அன்றைக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

உனக்குக் கல் வைக்கும்போது கொத்தனார் படித்துப் படித்துச் சொன்னார், கருங்கல் வையுங்கள் என்று. சூளைக்காரன் பெண்டாட்டிக்குக் கருங்கல்லா என்று நான் ஒரே பிடியாய் நின்றேன். எங்கள் கல் வெட்டியெடுக்கும் குழியிலேயே நல்ல வெள்ளைப் பலகையாகப் பார்த்துப் பெயர்த்து, உன் பெயரை நானே வெட்டினேன். ஆழமாக வெட்டக் கை வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலேயே பெரிய வெள்ளைப் பலகை உன்னுடையதுதான் என்று எனக்குப் பெருமை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லோரும் சுண்ணாம்பு அடிப்பார்கள், உனக்குத் தெரியும். நானும் வருஷா வருஷம் அடிப்பேன். அடித்து முடித்ததும் குடைக்கம்பி ஒன்றைக் கூராக்கி வைத்துக்கொண்டு, எழுத்துக்குள் இறங்கின சுண்ணாம்பை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பேன். உன் பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும், அதுதான் என் வெறி. மற்றவர்கள் வேலையை முடித்துவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பார்கள். நான் மட்டும் முழங்காலில் நின்று சுரண்டிக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் ரோஸோடும் பிள்ளைகளோடும் சுண்ணாம்பு அடிக்கப் போனபோது பெயரைத் தேட வேண்டியதாகிவிட்டது. கிட்டப் போய்க் கண்ணை இடுக்கினால்தான் வாசிக்க முடிகிறது. விரலை வைத்தால் சீனி மாதிரி நறநறவென்று உதிர்கிறது. ஊர் மாறிப் போய்விட்டால், இன்னும் கொஞ்ச வருஷத்தில் இங்கே யார் கிடக்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை, கல்லும் சொல்லாது. மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று ரோஸிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்போது பக்கத்துக் கல்லறை கண்ணில் பட்டது. அதுவும் நம் குழியில் எடுத்த வெள்ளைக்கல்தான், தலைமாட்டில் ஒரு சின்னத் துண்டு. உன்னுடையதைவிடப் பழையது. அவர்கள் மேலே மேலே சுண்ணாம்பு அடித்து எழுத்தே அடைபட்டுப் போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில் காய்ந்த பொருக்கைத் தட்டினார். அது பெயர்ந்து விழுந்தது. உள்ளே எழுத்து நேற்று வெட்டினது மாதிரிக் கூர்மையாக இருந்தது.

மழை முதலில் தின்பது மேல் பூச்சைத்தானே, பிலோ. அந்தப் பூச்சு காற்றைக் குடித்துக் கல்லாகி, உள்ளே இருக்கும் கல்லுக்குப் பதிலாகத் தானே கரைந்துகொண்டிருக்கிறது. அடுத்த வருஷம் மறுபடி பூசினால், மறுபடி அதுதான் கரையும். அதற்குத்தான் பூசுகிறார்கள். நானோ மழைக்காலம் தொடங்குகிற நேரம் பார்த்து, உன் எழுத்தை மட்டும் தேடித் தேடித் திறந்துவிட்டு வந்திருக்கிறேன். சுண்ணாம்பிலேயே பிறந்து வளர்ந்தவன், டீச்சரைக் கட்டினவன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். நானும் அங்கேயே சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய்விட்டார்கள்.

ரோஸை வீட்டுக்கு அனுப்பிப் போத்தலை எடுத்துவரச் சொன்னேன். ஒருவேளை போக நேர்ந்தால் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக என்று துணியில் சுற்றி வைத்திருந்தேன். அவள் கொண்டுவந்து கொடுத்தவள், நான் கார்க்கைத் திருகுவதைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது அம்மாவோடது."

"அம்மாவுக்குத்தான்."

நன்றாகக் குலுக்கி, வாளிச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினேன். பிரஷால் அல்ல, விரலாலேயே எடுத்து ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் அடைத்தேன். "பேர் மறையுதுப்பா" என்றாள் ரோஸ். மறையட்டும் மகளே, உள்ளே இருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்குக் கப்பலுக்கும் பதில் கிடைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சுரண்டிச் சுரண்டித்தான் உன்னைத் தேய்த்தேன். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் நீ இருப்பாய் என்றில்லை.

பண்டாவிடம் மறுநாள் சொன்னேன். "வருஷத்துக்கு ஒரு தடவை உன் மதினிக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், எழுத்தச் சுரண்டக் கூடாது" என்றேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தன் சிங்களத் தமிழில் சொன்னான்: "நீ போ அந்தோணி. வெசாக் பண்டிகைக்குப் பன்சலையில புத்தர் தாகபைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது நான்தானே. அதுல ஒரு வாளி மிச்சம் வராதா? டீச்சர் நோனாவுக்கும் அடிக்கிறேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சூளைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் முகத்தைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதனால் நான் போகிறேன், பிலோ. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ சரி என்பாயா? பிள்ளைகளுக்காக என்றால் நீ என்றைக்குத்தான் வேண்டாம் என்றாய்?

இன்றைக்கும் மழை. உன் கல்லில் விழுந்த தண்ணீர் இறங்கிச் சுது கங்கைக்குப் போகும், அது அம்பன் கங்கையில் சேரும், அது மகாவலியில் சேர்ந்து கொட்டியாரத்தில் கடலைத் தொடும். நான் பூசின சுண்ணாம்பும் உன் மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழியே போகும். கொட்டியாரத்துக் கடல் தூத்துக்குடிக்கு வருமா? எந்தச் சிப்பி எடுக்கும், எத்தனை காலம் ஆகும்? நீயென்றால் மண் தரையில் படம் போட்டு, வாய்ப்பே இல்லைங்க, உங்க ஆயுசு பத்தாது என்று சொல்லிவிடுவாய். தெரியும். கணக்கில் நான் உன்னை ஜெயித்ததே இல்லை.

இருந்தாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கரையில் ஒவ்வொரு சூளை அடுக்கும்போதும், குவியலில் இருந்து ஒரே ஒரு சிப்பியை எடுத்து வைத்துக்கொள்வேன். கையில் தூக்கிப் பார்ப்பேன், கனம் இருக்கிறதா என்று. பிறகு கொண்டுபோய்க் கடலிலேயே விட்டுவிடுவேன். அதில் நீ இருந்துவிட்டால்? தெரியாமல் உன்னைச் சுட்டுவிடக் கூடாது இல்லையா? மருமகனின் சித்தப்பா கிறுக்கன் என்பார். சொல்லட்டும்.

கல்லோட கனம் எங்க போச்சு என்று கேட்டுக்கொண்டுதானே என் வாழ்க்கைக்குள் வந்தாய். அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இப்போது தெரிந்தே சொல்கிறேன், டீச்சரம்மா: தேடி வைக்கிறேன்.

ரோஸின் அப்பா, உன் சூளைக்காரப் புருஷன்,
அந்தோணி